வலியைச் சொல்கிற பிள்ளைதான் உறுதியான பிளேயர்

சீசன் தொடங்கினால் போதும், டீம் வாட்ஸ்அப் குழுவில் யாராவது அமெரிக்க பாஸ்கெட்பால் வீரர் கோபி பிரையன்ட்டின் அந்த வீடியோவைப் போட்டுவிடுவார்கள். 2013 ஏப்ரல் 12, கோல்டன் ஸ்டேட் அணியுடன் ஆட்டம். குதிகாலுக்கு மேலே உள்ள அக்கிலிஸ் தசைநாண் அறுந்த நிலையில் கோட்டில் வந்து நின்று, எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுவிட்டு, தானே நடந்து வெளியே போவார். எனக்கும் சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்பு, 34 வயதில், போர்ட்லேண்டில் 48 நிமிடமும் உட்காராமல் ஆடியிருந்தார். எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்து, ஆறே ஆட்டத்தில் முழங்கால் எலும்பு முறிந்து மறுபடி உட்கார்ந்தார். இவை எதுவும் அந்த வீடியோவில் இல்லை.

கல்லூரி அணிகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஜெயிக்க வேண்டும் என்ற வெறி எனக்கும் உண்டு. ஆனால் வலியை மறைத்து ஆடுவதைத்தான் நம் கிரவுண்டுகளில் தைரியம் என்கிறோம், அதற்குக் கைதட்டவும் செய்கிறோம். அது என்னைப் பயமுறுத்துகிறது.

பிள்ளைகள் ஏன் மறைக்கிறார்கள்? வீம்பு கொஞ்சம்தான், பயம்தான் அதிகம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்த பிள்ளைக்கு ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ் எல்லாமே ஆட்டத்தை நம்பித்தான். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்து இன்டர் யுனிவர்சிட்டி ஆடினால்தான் ஃபார்ம் 3 சான்றிதழ், அது இருந்தால்தான் அரசு வேலைக்கு ஒரு வழி. செலக்‌ஷனோ வருஷத்துக்கு ஒருமுறை. அன்றைக்குக் கணுக்கால் வீங்கியிருந்தாலும், “ஒண்ணும் இல்ல சார், லேசா மடங்கிடுச்சு” என்றுதான் அந்தப் பெண் சொல்வாள். வேறென்ன சொல்வாள்?

அந்த ‘லேசா மடங்கிய’ கணுக்கால்தான் பாஸ்கெட்பாலில் மிகச் சாதாரணமான காயம். ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, எகிறி இறங்கும்போது இன்னொருவர் காலின்மேல் பாதம் விழும், மடங்கும். ராத்திரி ஹாஸ்டலில் எண்ணெய் தடவி அழுத்தி நீவுவார்கள். புதுக் காயத்தில் அது வீக்கத்தைக் கூட்டும். ரெண்டு நாளில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு வந்து நிற்பார்கள். சரியாக ஆறாத கணுக்கால் திரும்பத் திரும்ப மடங்கும். எங்கள் அணியில், அடிபட்ட ஒற்றைக் காலில் அசையாமல் நிற்க வேண்டும், நல்ல காலால் எவ்வளவு தூரம் தாண்ட முடிகிறதோ ஏறக்குறைய அதே தூரம் இந்தக் காலாலும் தாண்ட வேண்டும். அப்புறம்தான் கோர்ட். வலி நின்றுவிட்டது என்பது மட்டும் போதாது.

முழங்கால் இன்னும் கவலைக்குரியது. ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலும் யாரும் இடிப்பதே இல்லை, ஓடிவந்து சட்டென்று நின்று திரும்பும்போதோ, குதித்து இறங்கையில் முட்டி உள்பக்கமாகச் சரியும்போதோ போய்விடும். ‘டப்’ என்று ஒரு சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம். இதற்குச் சுளுக்கு எடுப்பவரிடம் போகாதீர்கள், எலும்பு மருத்துவரிடம் போங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது ஒன்பது மாதம் ஆட்டம் வேண்டாம். முட்டியைக் கொஞ்சம் மடக்கி, உள்பக்கம் சரியவிடாமல் குதித்து இறங்கும் பயிற்சியை வார்ம் அப்பிலேயே சேர்த்துவிட்டால் இந்த ஆபத்து நன்றாகக் குறையும். தனியாக நேரம்கூட வேண்டாம்.

இன்னொன்று, கண்ணுக்கே தெரியாதது. எங்கள் அணியில் ஒரு பெண் மூன்றாவது குவார்ட்டரில் தளர்ந்துவிடுவாள், டிஃபென்ஸுக்குத் திரும்பி ஓடமாட்டாள். ‘அவளுக்கு மனசு இல்லை’ என்றார்கள். ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் ஒன்பதுக்கும் கீழே. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. மருத்துவர் கொடுத்த மாத்திரையும் சாப்பாடும் சில மாதங்களில் அவளை வேறு ஆளாக்கின. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படியானால் நாம் ‘சோம்பேறி’ என்று திட்டிய எத்தனை பேர் உண்மையில் நோயாளிகள்?

மயக்கம் போட்டு விழுந்தால் ‘வெறும் வயிற்றில் வந்திருப்பான்’ என்று தண்ணீர் தெளித்து எழுப்பி அனுப்பிவிடாதீர்கள். அமெரிக்காவின் லயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழகத்தின் ஹாங்க் கேதர்ஸ், ஸ்கோரிங்கிலும் ரீபவுண்டிலும் அந்த நாட்டுக் கல்லூரி ஆட்டத்தில் ஒரே சீசனில் முதலிடம் பிடித்தவர். 1989 டிசம்பரில் ஃப்ரீ த்ரோ கோட்டில் விழுந்தார். இதயத் துடிப்பில் கோளாறு என்று தெரிந்து மருந்து கொடுத்தார்கள். மருந்து ஆட்டத்தை மந்தமாக்குகிறது என்று அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1990 மார்ச் 4 அன்று எகிறிப் பந்தைக் கூடைக்குள் அழுத்தி ஒரு டங்க் போட்டுவிட்டுத் திரும்பும்போது விழுந்தார், அன்றே இறந்தார். வயது 23. ஓடும்போது மயங்கிய பிள்ளையை இதய மருத்துவர் பார்த்து, ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்து, ஆடலாம் என்று சொன்ன பிறகுதான் கோர்ட்டில் இறக்க வேண்டும்.

சரி, உறுதியே வேண்டாமா? வேண்டும், நிறையவே வேண்டும். ஒரு ஜோனல் ஆட்டம், கடைசி நிமிடம். எங்கள் பையன் ஒருவன் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் விட்டான். தலையில் கை வைக்கவில்லை, அம்பயரைப் பார்க்கவில்லை. திரும்பி ஓடி, தன் ஆளைப் பிடித்து, அவனை உடம்பால் மறித்து (பாக்ஸ் அவுட்) ரீபவுண்டை எடுத்தான். உறுதி என்று நான் சொல்வது இதைத்தான். லூஸ் பாலுக்குப் பாய்வது, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் டிஃபென்ஸுக்குக் குரல் கொடுப்பது, தினமும் தூங்கப் போக வேண்டிய நேரத்துக்குப் போவது, எல்லாமே அதில் சேரும். 12 ஆண்டுகளில் அமெரிக்காவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணிக்கு 10 தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்த கோச் ஜான் வுடன், ஒவ்வொரு சீசனையும் சாக்ஸ் சுருக்கமில்லாமல் போடுவது எப்படி என்று காட்டித்தான் தொடங்குவார். கொப்புளம் வந்தால் பயிற்சி போகும், பயிற்சி போனால் ஆட்டம் போகும். பிள்ளைகளின் உடம்பைப் பார்த்துக்கொள்வது அவருக்கு ஜெயிக்கிற வேலையின் முதல் பாடமாக இருந்தது.

கோச்களுக்கு ஒரு வார்த்தை. ‘ஆட முடியுமா?’ என்று டீம் முன்னால் கேட்காதீர்கள், முடியாது என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. தனியாகக் கூப்பிட்டு, “எங்கம்மா வலிக்குது?” என்று கேளுங்கள். அடிபட்டவரைப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள், பெஞ்சில் ஸ்கோர் ஷீட் பார்க்கட்டும், டீமோடு பஸ்ஸில் வரட்டும்.

செலக்‌ஷன் நடத்துகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. மருத்துவச் சான்றோடு வரும் பிள்ளைக்குச் சில வாரம் கழித்து இன்னொரு நாள் ட்ரயல் கொடுங்கள். முந்தைய சீசன் ஆட்டங்களையும் கணக்கில் எடுங்கள். ஒரு நாள் வீக்கத்துக்காக ஒரு வருஷம் போகாது என்று தெரிந்தால், பாதிப் பிள்ளைகள் மறைப்பதையே விட்டுவிடுவார்கள்.