குளிருக்காகச் சேர்த்த கொழுப்பு

1848 ஜூலையில் தாமஸ் வெல்கம் ராய்ஸ் என்ற கேப்டன், நியூயார்க் மாநிலத்து சாக் ஹார்பரிலிருந்து வந்த ‘சுப்பீரியர்’ என்ற பாய்மரக் கப்பலைப் ஆசியாவுக்கும் அலாஸ்காவுக்கும் இடையிலுள்ள பெரிங் நீரிணைக்கு வடக்கே செலுத்தினார். அதுவரை எந்த அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலும் அங்கே போனதில்லை. மாலுமிகள் நடுங்கினார்கள். ஆனால் அங்கே இரவிலும் வெளிச்சம் இருந்தது, கடலெங்கும் திமிங்கிலங்கள் இருந்தன. 1,600 பீப்பாய் எண்ணெயோடு அவர் ஹொனலுலு திரும்பியதும் செய்தி பரவியது. 1852இல் அந்தக் கடல்களில் 200க்கும் மேற்பட்ட கப்பல்கள் நின்றன.

அவர் கண்டது போஹெட் திமிங்கிலம். பனிக்கடலை விட்டு வெளியே போகாத இனம். அதன் தோலுக்கு அடியில் அரை மீட்டர் வரை கொழுப்பு இருக்கும். அந்தக் கொழுப்புதான் அதற்குக் கம்பளி, பட்டினிக் காலத்துச் சேமிப்பும் அதுதான். வேட்டைக்காரனுக்கோ அது விளக்கெரிக்கும் எண்ணெய். மெதுவாக நீந்தும் விலங்கு என்பதால் துடுப்புப் படகிலேயே நெருங்கிவிடலாம். கொழுப்பு மிகுதியால் செத்த பின்னும் பெரும்பாலும் மிதக்கும். உயிர் பிழைக்க உதவிய உடலமைப்பே அதைச் சுலபமான இரையாக்கியது.

சரி, அந்த மலையளவு உடலை நடுக்கடலில் என்ன செய்வது? கப்பலின் பக்கவாட்டில் சங்கிலியால் கட்டுவார்கள். வெளியே தொங்கும் பலகையில் நின்றபடி, நீண்ட காம்புள்ள வெட்டுக்கருவியால் கொழுப்பில் கீறி, ஒரு பெரிய கொக்கியை மாட்டுவார்கள். மேல்தளத்தில் இருப்பவர்கள் கப்பியால் இழுக்க இழுக்க, பம்பரத்திலிருந்து சாட்டையை உருவுவது போலக் கொழுப்பு நீளப் பட்டையாகக் கழன்று வரும், உடல் தண்ணீரில் உருளும். பட்டைகளைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் தோல் அறுபடாமல் புத்தகத் தாள்கள் போல மெல்லியதாகச் சீவுவார்கள். சூடு உள்ளே வரை போக வேண்டுமே!

மேல்தளத்தில் செங்கல் அடுப்பு, அதில் இரண்டு பெரிய இரும்புக் கொப்பரைகள். சூட்டில் கொழுப்பைப் பிடித்து வைத்திருக்கும் நார்த்திசு சிதைகிறது, செல்கள் உடைகின்றன, எண்ணெய் வழிகிறது, தண்ணீர் ஆவியாகிறது. எஞ்சும் சக்கை பொரிந்து மேலே மிதக்கும். அதை அரித்தெடுத்து அடுப்புக்குள்ளேயே போடுவார்கள். மரமே கிடைக்காத கடலில் திமிங்கிலமே தன்னை உருக்க விறகானது. கப்பலோ மரக்கப்பல். அதனால் அடுப்புக்கு அடியில் எப்போதும் தண்ணீர்த் தொட்டி இருக்கும், அது வற்றினால் தளம் பற்றிக்கொள்ளும். ஒரு போஹெட் சுமார் 100 பீப்பாய் தந்தது. ஒரு பீப்பாய் ஏறக்குறைய 119 லிட்டர்.

போஹெட்டின் வாயில் பற்கள் கிடையாது. சிற்றுயிர்களை வடிகட்ட 600க்கும் மேற்பட்ட பலீன் தகடுகள் தொங்கும், சில 4 மீட்டர் நீளம். நம் நகத்திலுள்ள கெரட்டின்தான் அது. சூடாக்கினால் வளையும், ஆறினால் அந்த வடிவத்திலேயே நிற்கும். பெண்கள் இடுப்பை இறுக்க அணிந்த கார்செட்டுக்கும் குடைக்கம்பிக்கும் அதுவே போனது. 1859க்குப் பின் மண்ணெண்ணெய் வந்தும் வேட்டை நிற்காததற்குக் காரணம் இதுதான். பிற்காலத்தில் தகடுகளை மட்டும் வெட்டிக்கொண்டு உடலைக் கடலில் விட்டார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் வலிப்பது அந்த வீணடிப்புதான்.

பனி தன் பங்குக்குத் தாக்கியது. அலாஸ்காவின் வடமேற்குக் கரையோரம் கோடையில் கிழக்குக் காற்று பனிப்பாளங்களைத் தள்ளி வைக்கும். கரைக்கும் பனிக்கும் நடுவில் ஒரு குறுகிய நீர்ப்பாதை திறக்கும். கப்பல்கள் அதில்தான் ஓடின. 1871 ஆகஸ்ட் இறுதியில் காற்று மேற்கிலிருந்து திரும்பி வீச, பாதை மூடிக்கொண்டது. அந்தப் பருவத்தில் 33 கப்பல்கள் பறிபோயின. செப்டம்பரில் 1,219 பேர் சிறு படகுகளில் தெற்கே தப்பினார்கள். வெளியே தப்பியிருந்த 7 கப்பல்கள், பிடித்த எண்ணெயைக் கடலில் கொட்டி இடம் பண்ணி அவர்களை ஏற்றிக்கொண்டன. ஒருவர்கூடச் சாகவில்லை.

இந்த வேட்டையில் போஹெட் திமிங்கிலங்கள் வேகமாகக் குறைந்துபோனதற்கு அவற்றின் நிதானமான வாழ்க்கையும் ஒரு காரணம். ஏறக்குறைய 25 வயதில்தான் பருவமடையும், மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு குட்டி. கண்வில்லையிலுள்ள அமினோ அமிலத்தின் மாற்றத்தை அளந்து, சில 200 வயதையும் எட்டுவதாக விஞ்ஞானிகள் கணித்திருக்கிறார்கள். 2007இல் அலாஸ்காவின் பூர்வகுடி வேட்டைக்காரர்கள் பிடித்த ஒன்றின் உடலில், 1800களின் இறுதியில் நியூ பெட்ஃபோர்டு என்ற அமெரிக்கத் திமிங்கில வேட்டைத் துறைமுகத்தில் செய்த வெடியீட்டியின் துண்டு கிடைத்தது. இன்று அலாஸ்காவின் வடகடலில் 10,000க்கும் மேற்பட்ட போஹெட்கள் இருக்கின்றன. அங்குள்ள பூர்வகுடிகள் மட்டும், உணவுக்காக, ஒதுக்கீட்டு அளவுக்குள் வேட்டையாடுகிறார்கள்.