சிறுநீரகத்தில் கல் வந்தால் எலும்பையும் ஏன் பார்க்க வேண்டும்?

சார்லஸ் மார்ட்டெல் என்ற அமெரிக்கக் கப்பல் கேப்டன் ஆறடிக்கு மேல் உயரம். 1918 வாக்கில் உடம்பு படுத்த ஆரம்பித்தது. எலும்புகள் அடுத்தடுத்து முறிந்தன. முதுகு கூனி, சுமார் 7 அங்குலம் உயரம் குறைந்தே போனார். கூடவே சிறுநீரகத்தில் கற்கள். எலும்பை விட்டு ரத்தத்துக்கு வந்த கால்சியம், சிறுநீரில் வெளியேறும் வழியில் கல்லாகிக்கொண்டிருந்தது. கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு என்ற சின்னச் சுரப்பிகளில் ஒன்று கட்டியாகி, எலும்பிலிருந்து கால்சியத்தை ரத்தத்துக்கு இழுக்கும் ஹார்மோனை அளவில்லாமல் சுரந்ததே காரணம். ஆறு அறுவை சிகிச்சைகளில் கழுத்தைத் துழாவியும் கட்டி கிடைக்கவில்லை. 1932இல், ஏழாவது முறை, நெஞ்சுக்கூட்டுக்குள் இருந்தது. எடுத்துவிட்டார்கள். ஆனால் சில வாரங்களிலேயே, சிறுநீர்க்குழாயில் சிக்கிய கல்லுக்காக மீண்டும் அறுவை செய்யவேண்டி வந்து, அதைத் தொடர்ந்து இறந்துபோனார்.

இந்த நோய் கல் வருபவர்களில் வெகு சிலருக்குத்தான் இருக்கும். அப்படியென்றால் மற்றவர்களுக்கும் எலும்புக்கும் சம்பந்தமில்லையா? இருக்கிறது, சத்தமில்லாமல்.

பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் ஒரு கிலோ கால்சியம் உண்டு. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். மிச்சம் கொஞ்சம்தான், ஆனால் இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் அதுதான் வேண்டும். அதனால் ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு காத்திருக்காது. குதிரிலிருந்து நெல்லை அள்ளுவதுபோல எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 10 கிராம் கால்சியத்தை வடிகட்டி, அதில் 98 சதவீதத்தை ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. இந்தத் திருப்பி அனுப்பும் வேலையில் சிலருக்குக் கொஞ்சம் மெத்தனம். பெரும்பாலும் குடும்ப வழியாக வருவது. இவர்களுக்குக் கால்சியம் குறைந்த சாப்பாடு கொடுத்துப் பார்த்தால், பலருக்குச் சாப்பிட்டதைவிட அதிகமாகவே சிறுநீரில் போகிறது. மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் நம் ஊரில் சுற்றிவரும் ஓர் அறிவுரை உதைக்கிறது: "கல் இருக்கா? பால், தயிர் எல்லாத்தையும் நிறுத்திடு." பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட் கற்கள். கீரையிலும் கொட்டைகளிலும் இருக்கும் ஆக்சலேட்டைக் குடலிலேயே கால்சியம் பிடித்துவைத்தால், அது மலத்தோடு போய்விடும். சாப்பாட்டில் கால்சியம் இல்லையென்றால் ஆக்சலேட் தடையில்லாமல் ரத்தத்துக்குள் நுழைந்து சிறுநீருக்கு வரும். பாலை நிறுத்தினால் கல்லும் நிற்காது, எலும்பும் தேயும். 2002இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. கல் திரும்பத் திரும்ப வந்த 120 ஆண்களை 5 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். கால்சியத்தைக் குறைத்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு மறுபடி கல் வந்தது. வழக்கமான கால்சியத்தோடு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களில் 20 சதவீதம்.

ஆக, கைவைக்க வேண்டியது பாலில் அல்ல, உப்பில். சிறுநீரகக் குழல்களில் சோடியமும் கால்சியமும் பெரும்பாலும் சேர்ந்தே பயணிக்கின்றன. சோடியம் அதிகமாக வெளியேறினால் கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். தினமும் ஒரு டீஸ்பூன் உப்பு கூடினால் சுமார் 40 மில்லிகிராம் கால்சியம் கூடுதலாகப் போகும். அற்பமாகத் தெரிகிறதா? ஓர் ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 15 கிராம். அவ்வளவும் எலும்பிலிருந்தே வந்தால் மொத்தக் கையிருப்பில் ஒன்றரை சதவீதம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். கல்லுக்கு நல்லது என்று எலுமிச்சை ஜூஸ் குடிப்பவர்கள் பலர். நல்லதுதான், அதிலுள்ள சிட்ரேட் கல் உருவாவதைத் தடுக்கும். ஆனால் அதில் உப்பையும் தாராளமாகப் போடுகிறார்களே, அதுதான் புரியவில்லை.

இறைச்சி அதிகமானால் உடம்பில் அமிலம் கூடும். அதைச் சமன்செய்ய எலும்பு கொஞ்சம் கரைந்து கொடுக்கிறது என்று ஒரு கருத்து உண்டு. சிறுநீரில் சிட்ரேட்டும் குறைகிறது.

கால்சியம் மாத்திரையின் கதை வேறு. உணவோடு சேராமல் வெறும் வயிற்றில் விழுங்கினால் ஆக்சலேட்டைப் பிடிக்க அங்கே ஆக்சலேட்டே இருக்காது. கால்சியம் மட்டும் சிறுநீரில் ஏறும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் சாப்பாட்டோடு எடுப்பது நல்லது.

ஒரே ஒரு முறை கல் வந்து போனவர்கள் பதற வேண்டாம். திரும்பத் திரும்ப வந்தால் 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். காலையில் முதல் சிறுநீரைக் கழித்துவிட்டு, அதன்பின் மறுநாள் காலை முதல் சிறுநீர்வரை எல்லாவற்றையும் ஒரு கேனில் சேகரிக்க வேண்டும். சங்கடமான வேலைதான். ஆனால் கால்சியம் எவ்வளவு போகிறது என்பதோடு, எவ்வளவு உப்பு சாப்பிட்டீர்கள் என்பதும் அதில் வந்துவிடும். டாக்டரிடம் மழுப்ப முடியாது. ரத்தத்தில் கால்சியம் அதிகமாக இருந்தால் பாராதைராய்டு ஹார்மோனையும் பார்ப்பார்கள். சிறுநீரில் கால்சியம் அதிகம், வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது, அல்லது மாதவிடாய் நின்றுவிட்டது என்றால், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.