ட்ரெய்லர்ல எது இல்லைன்னு பாத்துட்டு ப்ரீஆர்டர் போடுங்க

ஜூன் மாசம் வந்தா போதும், நம்ம பசங்க ராத்திரி முழுக்க கண்ணு முழிச்சு, கம்பெனிங்க புது கேம காட்டுற ஷோகேஸ் லைவ் பாத்துட்டு விடியக்காலைல "மச்சான், ப்ரீஆர்டர் போட்டுட்டேன்டா"னு குரூப்ல மெசேஜ் போடுவானுங்க, அதாவது கேம் வெளிய வர்றதுக்கு முன்னாடியே காசு கட்டியாச்சு. நான் பத்து வருஷமா கேம் ஸ்டுடியோல என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்ட் (கேம்ல வர்ற தெரு, கட்டடமெல்லாம் உருவாக்குற ஆள்), இந்த மாதிரி ஷோவுக்கு டெமோ ரெடி பண்ற டீம்ல ரெண்டு தடவ இருந்திருக்கேன், அதனால அந்த மெசேஜ பாத்தாலே எனக்கு வயித்துல புளிய கரைக்கும்.

உள்ள என்ன நடக்கும்னு சொல்றேன். ஷோவுக்கு சில மாசம் முன்னாடி 'வெர்டிகல் ஸ்லைஸ்' வேணும்பாங்க, அதாவது முழு கேம்ல ஒரு பத்து நிமிஷத்த மட்டும் வெட்டி எடுத்து பளபளன்னு ஆக்கி காட்டணும், மீதி கேம் அப்போ வெறும் சாம்பல் கலர் டப்பாவா நிக்கும். நாங்க பண்ணின ஒண்ணுல கேமரா திரும்பாத பக்கம் சுவரே கிடையாது, வெளிச்சம் ஒவ்வொரு இடத்துக்கும் கையால வெச்சது, ஆடினது எங்க டிசைனர், அதே ரூட்ட எத்தன தடவ ரிகர்சல் பாத்தார்னு அவருக்கே ஞாபகம் இருக்காது. அந்த கேம் கடைசி வரைக்கும் வெளியவே வரல. யாரும் வேணும்னு ஏமாத்தலங்க, இப்படித்தான் வரப்போகுதுன்னு நாங்களும் நம்பிதான் ராப்பகலா உக்காந்தோம், ஆனா அத வீட்ல உக்காந்து பாக்குறவருக்கு எது ரெடி எது ஆசைன்னு எப்படி தெரியும்?

அதனால இப்பல்லாம் நான் முதல்ல தேடுறது ஸ்க்ரீன் ஓரத்துல மேப், ஹெல்த் பார், புல்லட் கணக்கு ஏதாவது இருக்கான்னு. ஒண்ணுமே இல்ல, கேமரா மட்டும் சினிமா மாதிரி சுத்துதுன்னா உஷார். 2005ல இ3ங்கற கேம் கண்காட்சில சோனி காட்டின கில்ஸோன் 2 ட்ரெய்லர பாத்து, அவங்க ப்ளேஸ்டேஷன் 3 கேம் மெஷின்ல இப்படித்தான் ஓடும்னு ஊரே வாய பொளந்துச்சு, அப்புறம் பாத்தா அது அனிமேஷன் படம் மாதிரி முன்கூட்டியே ரெண்டர் பண்ணி வெச்ச வீடியோ, கேம் வந்தது 2009ல. கீழ பொடி எழுத்துல 'இன்-இன்ஜின்'னு போடுவாங்க பாருங்க, அதுக்கு அர்த்தம் கேம ஓட்டுற சாஃப்ட்வேரான இன்ஜின்ல எடுத்த படம்ங்கறது மட்டும்தான், யாரோ கன்ட்ரோலர் புடிச்சு ஆடிட்டு இருக்காங்கன்னு இல்ல.

அடுத்தது எந்த மெஷின்ல ஓடுதுங்கற கேள்வி, என்னைக் கேட்டா இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். வாட்ச் டாக்ஸ் கேம 2012ல காட்டினப்போ ப்ளேஸ்டேஷன் 4 அறிவிப்பே வரல, டெமோ ஓடினது பிசில, 2014ல கேம் வந்தப்போ அந்த மழை, வெளிச்சம், புகை எல்லாம் எங்கன்னு ஜனங்க ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வீடியோ போட்டாங்க. சைபர்பங்க் 2077 கதை இன்னும் மோசம். 2018ல 48 நிமிஷ டெமோ, 2019ல ஹாலிவுட் நடிகர் கீனு ரீவ்ஸே மேடைக்கு வந்தார், ஆனா 2020 டிசம்பர் 10 ரிலீஸுக்கு முன்னாடி ரிவ்யூ எழுதறவங்களுக்கு போனது பிசி வெர்ஷன் மட்டும்தான். ப்ளேஸ்டேஷன் 4 மாதிரி பழைய கன்சோல்ல வாங்கினவங்க கேம் தடுக்கி தடுக்கி விழறத பாத்தாங்க, ஒரே வாரத்துல சோனி அத தன்னோட ஆன்லைன் ஸ்டோர்லேர்ந்தே தூக்கிடுச்சு, திரும்ப வந்தது 2021 ஜூன்ல. கன்சோல் வெர்ஷன முன்னாடியே காட்டாதது தப்புதான்னு கேம் பண்ணின கம்பெனியே அப்புறம் ஒத்துக்கிச்சு. இத்தனைக்கும் கேம இப்போ நல்லாவே சரி பண்ணிட்டாங்க, அது வேற விஷயம்.

ஆந்தம்ங்கற கேம்ல 2017ல எல்லாரையும் பறக்க வெச்சு காட்டினாங்க, அந்தப் பேரையே ஷோவுக்கு சில நாள் முன்னாடிதான் மாத்தினாங்கன்னு பின்னாடி கேம் பத்திரிகையாளர் ஜேசன் ஷ்ரையர் எழுதினார். 2019ல வந்துச்சு, 2026 ஜனவரில சர்வர மூடிட்டாங்க. வெறும் லோகோ மட்டும் காட்டினா சந்தோஷப்பட்டுட்டு மறந்துடுங்க, மெட்ராய்டு ப்ரைம் 4 லோகோ வந்தது 2017ல, நடுவுல 2019ல முதல்லேர்ந்து ஆரம்பிச்சு, கேம் கைக்கு வந்தது 2025 டிசம்பர்ல.

நம்ம பக்கமும் தப்பு இருக்கு. 2020 ஜூலைல ஹேலோ இன்ஃபினிட் கேம ஆடுற வீடியோவாவே காட்டினாங்க, நாம அதுல ஒரு எதிரி மூஞ்சிய புடிச்சு 'க்ரெய்க்'னு பேர் வெச்சு மீம் போட்டு கிழிச்சோம். 2021 டிசம்பருக்கு தள்ளிப் போட்டு சரி பண்ணாங்க, நல்லதுதான், ஆனா அத பாத்த வேற எந்த ஸ்டுடியோ அரைவேக்காட்ட தைரியமா வெளிய காட்டும் சொல்லுங்க?

சரி, மனசு கேக்கலைன்னா பிசி கேம் விக்கிற ஆன்லைன் கடையான ஸ்டீம்ல வாங்குங்க, வாங்கின 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கு கம்மியா ஆடியிருந்தா காச திருப்பி வாங்கிக்கலாம். ப்ளேஸ்டேஷன் ஸ்டோர்ல டவுன்லோட் ஆரம்பிச்சாலே வழக்கமா ரீஃபண்ட் கிடையாது. ஸ்டீம் குடுக்குற அந்த ரெண்டு மணி நேரத்துலயும் கதை வீடியோவே பாதிய முழுங்கிடும், அதனால அதெல்லாம் ஸ்கிப் பண்ணிட்டு நேரா கூட்டமான தெருவுக்கோ பெரிய சண்டைக்கோ போய் உங்க மெஷின் தாங்குதான்னு பாருங்க.