நம்பிக்கை மையம்: போனால் என்ன கேட்பார்கள், எதைக் கேட்கக் கூடாது

அரசு மருத்துவமனைக்குள் நுழைந்தால் ஏதோ ஒரு மூலையில், லேபுக்கோ பிரசவ வார்டுக்கோ பக்கத்தில், ‘நம்பிக்கை மையம்’ என்று ஒரு பலகை தொங்கும். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசமாகக் கிடைக்கும் இடம் அது. தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இருக்கிறது, பெரும்பாலான தாலுகா மருத்துவமனைகளிலும் நிறைய ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருக்கிறது. இடம் தெரியாமல் போகாதவர்கள் குறைவு. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ, ஆதார் கேட்பார்களோ, வீட்டுக்கு போன் போடுவார்களோ, கல்யாணம் ஆகிவிட்டதா என்று நாலு பேர் முன்னால் கேட்பார்களோ என்று தயங்கி மாதக்கணக்கில் தள்ளிப் போடுகிறவர்கள்தான் அதிகம். இந்தப் பயங்கள் ஒவ்வொன்றுக்கும் விதியிலோ சட்டத்திலோ பதில் இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் பரிசோதனை எப்படி நடக்கும் என்று பார்ப்போம். யாருடைய கடிதமும் வேண்டாம், நீங்களாகவே போகலாம். பல மருத்துவமனைகளில் ஓ.பி. வரிசையில் நிற்காமல் நேராகவே மையத்துக்குப் போய்விடலாம். காலையில் போவது நல்லது, மதியத்துக்கு மேல் லேப் டெக்னீஷியன் இல்லாமல் போகலாம். உள்ளே ஒரு ஆலோசகர் இருப்பார், கதவைச் சாத்திவிட்டுத் தனியாகத்தான் பேச வேண்டும் என்பது விதி. கதவு திறந்தே இருந்தால், ‘கொஞ்சம் சாத்திக்கலாமா சார்’ என்று நீங்களே கேளுங்கள், அதில் தப்பே இல்லை. பெயர், வயது, ஊர் கேட்பார்கள், ஒரு எண் போடுவார்கள், அதற்குப் பிறகு லேபுக்குப் போகும் ரத்தக் குழாயில் அந்த எண்தான் இருக்கும். பரிசோதனைக்கு ஆதார் கட்டாயம் இல்லை.

எதற்காக வந்தீர்கள், எத்தனை பேருடன் உறவு இருந்தது, ஆணுறை போட்டீர்களா, ஊசி பழக்கம் உண்டா, இப்படியெல்லாம் கேட்பார்கள். கேட்பது வம்புக்கு இல்லை, தொற்று வந்திருக்கக்கூடிய சம்பவம் எப்போது நடந்தது என்று தெரிந்தால்தான் இன்றைய ரிசல்ட்டை எவ்வளவு நம்பலாம் என்று அவர்களால் சொல்ல முடியும். போன வாரம் நடந்த விஷயத்துக்கு இன்று பரிசோதித்து ‘இல்லை’ என்று வந்தால் அதை முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது, மூன்று மாதம் கழித்து ஒரு முறை திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்விக்கு ‘சொல்ல விரும்பலை’ என்று சொல்லலாம், அதற்காகப் பரிசோதனையை மறுக்க முடியாது. ஆணோடு உறவு கொள்ளும் ஆண்கள் இந்த இடத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். சொன்னால் தேவையான மற்ற பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள், அதனால் சொல்வது உங்களுக்கு நல்லது. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

ரிசல்ட் பெரும்பாலும் அன்றே வந்துவிடும். முதல் கருவியில் ‘இல்லை’ என்று வந்தால் அதோடு முடிந்தது. ‘இருக்கலாம்’ என்று வந்தால் அதே ரத்தத்தை வேறு இரண்டு கருவிகளில் மறுபடி பார்த்து, மூன்றும் ஒன்றாகச் சொன்னால்தான் உறுதி என்று எழுதுவார்கள். தனியார் லேபில் ஒரே கருவியில் பார்த்துவிட்டு வந்த காகிதத்தை நம்பித் தூக்கமில்லாமல் கிடப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்: அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நம்பிக்கை மையத்துக்குப் போய் உறுதிசெய்துகொள்ளுங்கள், காசும் இல்லை. ரிசல்ட்டை உங்கள் கையில்தான் தருவார்கள். கூட வந்த மச்சானிடமோ மாமியாரிடமோ கொடுக்கக் கூடாது, போனிலும் சொல்லக் கூடாது.

உறுதியாகிவிட்டால் அடுத்தது ஏ.ஆர்.டி. மையம், எச்.ஐ.வி. வைரஸைக் கட்டுப்படுத்தும் மருந்து தரும் இடம். இந்தியாவில் இந்த மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில், அப்போது தொடங்கிய இடங்களில் தாம்பரம் சானடோரியம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. 2017 வரை எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழே போனால்தான் மருந்து என்றிருந்தது. இப்போது அப்படி இல்லை, தொற்று உறுதியானவர் யாராக இருந்தாலும் உடனே மருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. அதை விடாமல் போட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு வழியாக அது துணைக்குப் பரவாது. மருத்துவ உலகம் உறுதிசெய்துவிட்ட விஷயம் இது, ஆனால் ஊரில் இன்னும் பாதிப் பேருக்குச் சொல்லப்படவில்லை.

அப்புறம், எச்.ஐ.வி. மட்டும்தான் பாலியல் நலம் என்று நினைத்துவிட வேண்டாம். எண்ணிக்கையில் பார்த்தால் மற்ற பால்வினைத் தொற்றுகள்தான் அதிகம். நீர் போகும்போது எரிச்சல், சீழ் வடிதல், பிறப்புறுப்பில் புண், தொடை இடுக்கில் நெறி கட்டுதல், நிறமும் வாடையும் மாறிய வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, இதற்கெல்லாம் போக வேண்டிய இடம் சுகவாழ்வு மையம். வட இந்தியாவில் இதையே சுரக்‌ஷா கிளினிக் என்பார்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் தோல் நோய் அல்லது பால்வினை நோய்ப் பிரிவோடும் மகளிர் நலப் பிரிவோடும் சேர்ந்து இயங்கும். சென்னையில் சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனி நிலையம் உண்டு.

இங்கே ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. லேப் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல், அறிகுறியைப் பார்த்து அன்றே மருந்து கொடுத்துவிட, நாடு முழுக்க ஒரே மாதிரி வண்ண வண்ணப் பொட்டலங்கள் வைத்திருக்கிறார்கள். சீழ் வடிந்தால் சாம்பல் நிறம், வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, புண்ணுக்கு வெள்ளை, பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதற்குப் பதில் நீலம், கொப்புளமாக வரும் ஹெர்பிஸுக்குச் சிவப்பு, அடிவயிற்று வலிக்கு மஞ்சள், நெறி கட்டினால் கறுப்பு. சாம்பல் பொட்டலத்தைப் பிரித்தால் இரண்டே மாத்திரைதான் இருக்கும், ஒன்று அசித்ரோமைசின், இன்னொன்று செஃபிக்ஸைம், இரண்டையும் ஒரே வேளையில் போட்டுவிட வேண்டும். வெள்ளைப் பொட்டலத்தில் பென்சிலின் ஊசி இருக்கும், இடுப்பில் போடுவார்கள், நன்றாகவே வலிக்கும். கையில் இருப்பது என்ன நிறம், எதற்கு என்று நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவர் ‘வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாம்மா’ என்றால் அதற்கு அர்த்தம் உங்களைச் சந்தேகப்படுகிறார் என்பதில்லை. ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் அடுத்த மாதமே மறுபடி தொற்றிக்கொள்ளும், அதனால்தான் துணைக்கும் சேர்த்து வைத்தியம். அவரை நேரில் கூட்டி வர முடியாத நிலை என்றால் அதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், வேறு வழி பேசலாம். அதோடு, புண் தானாக ஆறிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. மேகநோய் என்று ஊரில் சொல்லும் சிஃபிலிஸில் முதல் புண் வலிக்கவே வலிக்காது, சில வாரத்தில் தானாக மறைந்தும் போகும், நோய் மட்டும் உள்ளேயே இருக்கும். கர்ப்பிணியாக இருந்தால் குழந்தைக்கும் போகும். எல்லா கர்ப்பிணிகளுக்கும் எச்.ஐ.வி.யோடு சேர்த்து சிஃபிலிஸும் பார்ப்பது இதனால்தான்.

இத்தனை இலவசமாக இருக்கும்போது ஆட்கள் எங்கே போகிறார்கள் தெரியுமா, பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுக்கு. மாதத்தில் இன்ன தேதி இன்ன ஊர் லாட்ஜில் வைத்தியர் வருகிறார் என்று சுவர் முழுக்க போஸ்டர் இருக்கும், டிவியில் விளம்பரமும் வரும். ஆண்மைக் குறைவையும் பால்வினை நோயையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய வைத்திய விளம்பரச் சட்டப்படி குற்றம். எழுபது வருஷமாகச் சட்டம் இருக்கிறது, போஸ்டரும் இருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கில் செலவழித்து லேகியம் வாங்கி வருகிற பலருக்குத் தேவைப்பட்டது அந்தச் சாம்பல் நிறப் பொட்டலமாகத்தான் இருந்திருக்கும், அல்லது எதுவுமே தேவைப்பட்டிருக்காது.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, அவசரக் கருத்தடை மாத்திரை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி., உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க அனுமதி உள்ள மருந்துதான். ஆனாலும் தமிழ்நாட்டில் நிறைய மருந்துக்கடைகளில் கேட்டால் ‘இல்லை’ என்பார்கள், அதுவும் கேட்பவர் கல்யாணமாகாத பெண் மாதிரித் தெரிந்தால் ஒரு பார்வையும் சேர்த்துக் கிடைக்கும். கடை கடையாக அலைந்து நேரத்தை விடுவதை விட ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனை மகளிர் பிரிவிலோ கேட்பது மேல், குடும்ப நலத் திட்டத்தில் அவர்களுக்கு வர வேண்டிய சரக்கு அது. 72 மணி நேரம் தாண்டிவிட்டால் ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டும் தடுக்கலாம். கருக்கலைப்பைப் பொறுத்தவரை, 2021 திருத்தத்துக்குப் பிறகு சட்டத்தில் ‘கணவர்’ இருந்த இடத்தில் ‘துணை’ வந்துவிட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும், கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. 20 வாரத்துக்கு மேல் 24 வாரம் வரை குறிப்பிட்ட சிலருக்கு அனுமதி தரும் விதி திருமணமாகாதவர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்றால் எந்தப் பக்கத்து மருத்துவமனைக்கும் போகலாம். அரசோ தனியாரோ, உடனே இலவசமாகச் சிகிச்சை கொடுத்தே ஆக வேண்டும், மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டுவா என்று சொல்லக் கூடாது. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தும் உண்டு, 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும், தானாகத் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் விஷயம் கொஞ்சம் சிக்கல். எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும், உறவு நடந்தது தெரியவந்தால் போக்சோ சட்டப்படி மருத்துவர் தகவல் தெரிவித்தாக வேண்டும். இந்தப் பயத்தில்தான் பதினேழு வயதுப் பெண்கள் ஊர் தாண்டி எங்கெங்கோ போகிறார்கள். முன்பு சொன்ன அதே 2022 தீர்ப்பில், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் எழுத வேண்டியதில்லை என்று சொல்லப்பட்டிருக்கிறது. போகும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். சந்தேகம் மட்டும்தான், பேசினால் போதும் என்றால் 10 முதல் 19 வயதினருக்கான வளரிளம் பருவ ஆலோசனை அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது.

சரி, இப்போது சட்டத்துக்கு வருவோம். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. நீதிமன்ற உத்தரவு, தானம் வந்த ரத்தத்தைச் சோதிப்பது மாதிரிச் சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், அறுவை சிகிச்சைக்கு முன் எழுதும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சர்க்கரை, ஹீமோகுளோபின் வரிசையில் இதையும் ஒரு டிக் போட்டுவிடுகிறார்கள், நோயாளிக்கே தெரிவதில்லை. அந்தச் சீட்டை லேபில் நீட்டுவதற்கு முன் ஒரு முறை படியுங்கள். வேலைக்குச் சேரவோ, சிகிச்சை பெறவோ, படிக்கவோ எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக வைக்க முடியாது. தொற்று இருப்பதைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்புவதும், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வதும், சிகிச்சையை மறுப்பதும் இதே சட்டப்படி தவறு.

துணையிடம் சொல்லிவிடுவார்களா என்பதுதான் பலருக்குப் பெரிய கேள்வி. முதலில் உங்களையே சொல்லச் சொல்லி ஆலோசனை தருவார்கள். நீங்கள் சொல்ல மாட்டீர்கள், துணைக்குத் தொற்றும் ஆபத்து கணிசமாக இருக்கிறது என்று மருத்துவரோ ஆலோசகரோ கருதினால், உங்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, ஆலோசனை கொடுத்து, துணையிடம் நேரில் சொல்லச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் சொன்னால் அடி உதை விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற நிலையில் இருக்கும் பெண்ணின் விஷயத்தில் அவர்கள் துணையிடம் சொல்லவே கூடாது. அப்படிப் பயம் இருந்தால் ஆலோசகரிடம் முதல் நாளே சொல்லி, பதிவில் எழுதச் சொல்லுங்கள்.

போவதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 1097, கட்டணமில்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், பெயர் சொல்ல வேண்டாம். பக்கத்து ஊரில் எந்த மையம் இருக்கிறது என்றும் அவர்களே சொல்வார்கள். சொந்த ஊர் மருத்துவமனையில் தெரிந்தவர்கள் வேலை பார்க்கிறார்கள் என்றால் அடுத்த தாலுகாவுக்குப் போங்கள். இந்த ஊர்க்காரர் இங்கேதான் பரிசோதிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

யாராவது விதியை மீறினால், இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் மருத்துவமனை என்றால் அங்கேயே ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும், முதலில் அவரிடம் எழுதிக் கொடுக்கலாம். மற்ற அலுவலகங்களுக்கு அந்தக் கணக்கு நூறு பேர். சிகிச்சை மறுப்பு மாதிரியான புகார்களுக்கு மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளர் 30 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும், மருத்துவ அவசரம் என்றால் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள். அவர் உத்தரவை மதிக்காவிட்டால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகும் இழுத்தால் நாளொன்றுக்கு ஐயாயிரம் வரை. புகாரில் தேதி, நேரம், எந்தப் பிரிவு, யார் என்ன சொன்னார் என்று எழுதி, ஓ.பி. சீட்டின் நகலை இணையுங்கள். விஷயம் நீதிமன்றம் வரை போனாலும் பெயரை மறைத்து, புனைபெயரில் வழக்கை நடத்தும்படி கேட்க இதே சட்டத்தில் இடம் இருக்கிறது.