ட்ரிப்பரா, பிரேக்கரா, துண்டிப்பானா?

மாடியில் சோலார் போட்ட வீடுகளில் அடிக்கடி காதில் விழும் புலம்பல், "ஏசி போட்டா ட்ரிப்பர் விழுந்துடுதுங்க." எலக்ட்ரீஷியன் அதையே எம்சிபி (மினியேச்சர் சர்க்கியூட் பிரேக்கர்) என்பார், கடையில் பிரேக்கர் என்று பில் போடுவார்கள். மூன்றும் ஒன்றுதான்: மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்.

ஆங்கிலத்தில் சர்க்கியூட் பிரேக்கர். சர்க்கியூட்டுக்கு மூலம் 'சுற்றிப் போவது' என்ற பொருளுள்ள லத்தீன் சொல், பிரேக்கர் உடைப்பது. ட்ரிப் என்றால் கால் இடறுவது. இயந்திரங்களில் கொக்கி நழுவுவதற்கும் அதுவே பெயராயிற்று. எம்சிபிக்குள் நிஜமாகவே ஒரு கொக்கி இருக்கிறது. லோடு கூடினால் ஈருலோகப் பட்டை சூடாகி வளைந்து அதை மெதுவாகத் தட்டிவிடும், ஷார்ட் ஆனால் காந்தச் சுருள் கண்ணிமைக்கும் முன் தட்டிவிடும். இரண்டையும் ஒரு சின்னக் கூட்டுக்குள் அடக்கி 1924இல் காப்புரிமை வாங்கியவர் ஜெர்மனியின் ஹூகோ ஷ்டோட்ஸ். அதனால் ட்ரிப்பர் என்ற நம்ம ஊர்ப் பெயர் ஒன்றும் மோசமில்லை.

இதற்கு முன்னோடி பீஸ் கட்டை. அதிலுள்ள கம்பி உருகிப் போவதால் தமிழில் 'உருகி'. இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. பிரேக்கருக்குத்தான் தகராறு. இலங்கையில் சுற்றுடைப்பான் என்கிறார்கள், இங்கே முறிப்பான் என்றும் துண்டிப்பான் என்றும் எழுதுகிறார்கள். என் ஓட்டு 'மின்சுற்றுத் துண்டிப்பான்'. உடைந்ததும் முறிந்ததும் பழையபடி ஒட்டாது, ஆனால் பில் கட்டாமல் துண்டித்த இணைப்பைப் பணம் கட்டியதும் திரும்பக் கொடுக்கிறார்களே, பிரேக்கரும் அந்த ஜாதிதான்.

சரி, யாருக்காகத் துண்டிக்கிறது? இன்வெர்ட்டருக்காக என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். அது காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. தெரிந்தவர் ஒருவர் வீட்டில் ஹைப்ரிட் இன்வெர்ட்டருக்கு (சோலார், பேட்டரி, இபி மூன்றையும் சேர்த்து ஓட்டுவது) போகும் இபி லைனில், பேட்டரி சார்ஜும் ஏசியும் சேர்ந்து இழுத்தால் 25 ஆம்பியர் ட்ரிப்பர் விழுந்துகொண்டே இருந்தது. அதைக் கழற்றி 40 போட்டார்கள், தொல்லை ஒழிந்தது. ஆனால் வயர் அதே 4 ஸ்கொயர் (எலக்ட்ரீஷியன் பேச்சில் ஸ்கொயர் என்றாலே சதுர மில்லிமீட்டர்). குழாய்க்குள் அது தாங்குவது முப்பதை ஒட்டித்தான். ஒரு கோடை போனபின் மூடியைத் திறந்தால் சிவப்பு வயரின் உறை காபிக் கலரில் விறைத்து, விரல் பட்டதும் உதிர்ந்தது.

வயர் தாங்கும் இந்த அளவை 'மின்தாங்குதிறன்' எனலாம். கணக்கும் எளிது: ஓடும் மின்சாரத்தைவிடப் பிரேக்கர் பெரிது, பிரேக்கரைவிட வயரின் தாங்குதிறன் பெரிது. 5 கிலோவாட் இன்வெர்ட்டர் 230 வோல்ட்டில் தருவது சுமார் 22 ஆம்பியர். பாதுகாப்புக்குக் கால் பங்கு கூட்டினால் 27, கடையில் அடுத்த அளவு 32. அதற்குச் செம்பில் குறைந்தது 6 ஸ்கொயர். மொட்டைமாடி வெயிலில் குழாய் நீளமாகப் போனால் தாங்குதிறன் இன்னும் குறையும், அப்போது 10 ஸ்கொயர் போடுவதே நிம்மதி.

பேனல் பக்கம் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். அங்கே வீட்டு எம்சிபியை மாட்டவே கூடாது. வீட்டு லைனில் வரும் ஏசி மின்சாரம் (குளிரூட்டும் ஏசி அல்ல, திசை மாறி மாறி ஓடுவது) நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் துண்டிக்கும்போது எழும் தீப்பொறி தானாக அணையும், டிசியில் அந்த இடைவெளியே கிடையாது. நெம்பு கீழே இறங்கியிருக்கும், ஆனால் உள்ளே நெருப்பே பாலமாகி மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கலாம்.