அபார்தைட்: ஒதுங்கியதா, ஒதுக்கியதா?

ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'அபார்ட்' என்றால் தனி. 'ஹெய்ட்' என்பது நம்முடைய 'மை' விகுதி மாதிரி ஓர் ஒட்டு. இரண்டையும் சேர்த்து அப்படியே பெயர்த்தால் கிடைப்பது 'தனிமை'. ஏதோ கவிதைத் தொகுப்பின் தலைப்பு போல இருக்கிறது. ஆனால் மக்களை இனவாரியாகப் பிரித்துவைத்த ஆட்சிமுறையின் பெயர் இது. தென்னாப்பிரிக்காவின் தேசியக் கட்சி 1948 தேர்தலில் இந்தச் சொல்லை முன்வைத்துத்தான் ஆட்சியைப் பிடித்தது.

அந்த மொழிக்காரர்கள் வாயில் இது 'அபார்ட்ஹெய்ட்'. நடுவில் அடுத்தடுத்து வரும் ட், ஹ இரண்டையும் ஆங்கில வாசிப்பு ஒரே ஒலியாக்கிவிட்டது. அப்படிப் பிறந்த 'த'வோடுதான் நம்மிடம் 'அபார்தைட்' வந்து சேர்ந்தது.

சொல்லைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புரியும்: அதில் செய்தவன் இல்லை. யார் யாரைத் தனியாக்கினார்கள் என்று அது சொல்லாது. 1958 முதல் 1966 வரை பிரதமராக இருந்த ஹென்ட்ரிக் வெர்வூர்ட், இதை நல்ல அண்டை அயலாரின் கொள்கை என்றே விளக்கினார். தமிழில் அப்படி நழுவ முடியாது. 'ஒதுங்கு' தன்வினை, 'ஒதுக்கு' பிறவினை. ஒதுங்கினார்களா, ஒதுக்கினார்களா என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். அதனால்தான் 'இன ஒதுக்கல்' என்ற தமிழாக்கம் மூலச் சொல்லைவிட நேர்மையானது என்பேன்.

இதை 'இன ஒதுக்கீடு' என்று எழுதிவிடக் கூடாது. இட ஒதுக்கீடு என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது நேர்மாறான பொருளைத் தரும். ஆனால் வேர் ஒன்றுதான் என்பதற்கு 1950-ன் குழுப் பகுதிகள் சட்டமே சாட்சி. ஒவ்வோர் இனத்துக்கும் வசிக்க இடம் 'ஒதுக்கி', அதன் மூலமே ஆட்களை 'ஒதுக்கியது' அது. டர்பனின் கேட்டோ மேனரில் வீடு நிலம் வைத்திருந்த இந்தியர்கள், அவர்களில் தமிழர்களும், அப்படித்தான் வெளியேற்றப்பட்டார்கள்.

பத்திரிகைகளில் அதிகம் புழங்கும் 'நிறவெறி' எனக்கு ஒப்பவில்லை. வெறி மனத்தில் இருப்பது. அபார்தைட் அரசிதழில் இருந்தது. அதே 1950-ல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் ஓர் இனத்தை எழுதிவைத்தது. ஐயம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்த்ததும் உண்டு. விழுந்தால் வெள்ளையர் பக்கம், சிக்கி நின்றால் இல்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் வேறு வேறு இனமாகப் பதிவானார்கள். பதிவு செய்த அதிகாரிக்கு வெறி இருந்ததோ இல்லையோ, கையில் படிவம் இருந்தது.

சட்டம் என்பதால் இதற்கு முடிவுத் தேதியும் உண்டு. ஒன்றல்ல, பல. கலப்பு மணத் தடை 1985-ல் ரத்தானது. கறுப்பினத்தவர் எந்நேரமும் சுமக்க வேண்டியிருந்த, நடமாட அனுமதி தரும் பாஸ் புத்தகம் 1986-ல் போனது. (இங்கே ஒரு கூத்து: அந்தப் புத்தகத்தைக் கட்டாயமாக்கிய 1952 சட்டத்தின் பெயரே பாஸ் 'ஒழிப்பு'ச் சட்டம்! அதனால் இந்த விஷயத்தில் 'ஒழிப்பு' என்ற சொல்லைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.) வேலைநிறுத்தங்கள், தெருப்போராட்டங்கள், வெளிநாட்டுத் தடைகள் எல்லாம் நெருக்க, 1990 பிப்ரவரி 2 அன்று அதிபர் டி கிளார்க், மண்டேலாவின் இயக்கமான ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் மீதான தடையை நீக்கினார். ஒன்பதாம் நாள் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்தார். பூங்கா பெஞ்சிலும் கடற்கரையிலும் 'வெள்ளையருக்கு மட்டும்' பலகை மாட்ட இடம் தந்த சட்டம் அந்த ஆண்டே நீங்கியது. 1992 மார்ச்சில் வெள்ளையர் மட்டும் வாக்களித்த வாக்கெடுப்பில், பேச்சுவார்த்தையைத் தொடரலாம் என்று 68.7 சதவீதம் பேர் சொன்னார்கள்.

பதிவுச் சட்டம் ரத்தானது 1991-ல். அப்புறம் பிறந்த குழந்தைகளுக்கு இனம் எழுதப்படவில்லை. ஆனால் பதிவேட்டில் ஏற்கெனவே ஏறியவர்களின் இனம் அழியவில்லை. வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று மூன்று அவைகளாகப் பிரிந்திருந்த நாடாளுமன்றத்துக்கு அந்தப் பதிவு தேவைப்பட்டது. அந்த நாடாளுமன்றத்துக்கு முடிவுகட்டிய புதிய இடைக்கால அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1994 ஏப்ரல் 27 அன்று. எல்லா இனத்தவரும் ஒரே தேர்தலில் வாக்களிக்க வரிசையில் நின்றதும் அதே நாளில்தான்.