பெண் கும்பிடுபூச்சியைப் பட்டினி போடாதீர்கள்

இந்தக் கிழமையும் அதே கதைதான். கோப்பாய்ப் பக்கத்துப் பொடியன் ஒருவர் வீடியோ அனுப்பி, "டொக்டர், பெண் ஆணைத் திண்டுட்டுது. ஆனா சோடி சேரேல்லை. என்ன பிழை?" என்று கேட்டார். கடைசியாக எப்போது இரை கொடுத்தீர்கள் என்று கேட்டேன். நாலைந்து நாளாகக் கொடுக்கவில்லையாம். மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றே. ஆணின் தலையைத் தின்றால்தான் கரு தங்கும், அதற்குப் பெண் பசியோடு இருக்க வேண்டும் என்று யூரியூப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

என் வேலை மாடும் ஆடும் நாயும்தான். பூச்சி என் சொந்தக் கிறுக்கு. அது வெளியில் தெரிந்துபோனதால் கும்பிடுபூச்சி வளர்ப்பவர்களும் இப்போது என்னைத்தான் தேடுகிறார்கள். அவர்களில் பலர் இந்தத் தலைக் கதையோடுதான் வருகிறார்கள். ஆகவே முதலில் அதை முடித்துவிடுகிறேன்.

கதைக்கு ஒரு வேர் உண்டு. 1935இல் கென்னத் ரோடர் என்ற அமெரிக்க ஆய்வாளர் கும்பிடுபூச்சியின் நரம்புகளை ஆராய்ந்தார். புணர்ச்சி அசைவை நடத்தும் நரம்புக்கணு, அதாவது நரம்பு முடிச்சு, வயிற்றின் கடைசியில் இருக்கிறது. தலையில் இருக்கும் ஒரு கணு அதை அடக்கி வைத்திருக்கிறது. தலை போனால் அடக்க ஆளில்லை, அசைவு தொடர்ந்து நடக்கும். அவர் காட்டியது அவ்வளவுதான். தலையில்லாமலும் ஆணால் முடியும் என்பது ஒன்று. தலை இருந்தால் முடியாது என்பது வேறொன்று. முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டாவதை நம்புகிறார்கள். தலையோடு இருக்கும் ஆண் தாராளமாகச் சேரும், விந்து அடங்கிய சிறு பொதியான விந்துப்பையைக் கொடுக்கும், பறந்துபோய் இன்னொரு பெண்ணோடும் சேரும். 1980களில் லிஸ்கே, டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சீனக் கும்பிடுபூச்சிகளுக்கு வயிறு நிறையக் கொடுத்து, தொந்தரவு செய்யாமல் வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். ஓர் ஆணைக்கூடப் பெண் தின்னவில்லை. போர்த்துக்கல்லில் வயல்வெளியில் நடந்த ஆய்விலும் ஆணைப் பெண் தின்றது ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவைதான். பெண் தின்பது பசிக்கு. அந்தப் பசி ஆணுக்கும் தெரிகிறது. பசித்த பெண்ணை அது இன்னும் மெதுவாக, இன்னும் எச்சரிக்கையாகத்தான் அணுகும். நீங்கள் பட்டினி போட்டது எதற்கு உதவியது என்று இப்போது சொல்லுங்கள்.

சரி, அப்படியென்றால் ஏன் சேரவில்லை? நான் முதலில் பார்ப்பது இரண்டு: ஆணும் பெண்ணும்தானா, வயது வந்துவிட்டதா. சிலர் இரண்டு பெண்ணை ஒன்றாக விட்டுவிட்டுச் சண்டை என்கிறார்கள். வயிற்றின் அடிப்பக்கக் கட்டங்களை எண்ணிப் பாருங்கள். பெண்ணுக்கு ஆறு தெரியும், ஆணுக்கு எட்டு. ஆண் மெலிந்திருக்கும், உணர்கொம்பும் நீளம். சிறகு முழுதாக விரியாமல் முளையாக மட்டும் இருந்தால் அது இன்னும் வளர்ந்த பூச்சி அல்ல. கடைசித் தோல் உரித்த பிறகும் பெண்ணுக்கு இரண்டு மூன்று கிழமை, ஆணுக்கு ஒன்றிரண்டு கிழமை விட வேண்டும். ஒரே முட்டைக்கூட்டில் பிறந்தாலும் ஆண் முந்தி வளர்ந்துவிடும், முந்திச் செத்தும்விடும். அதனால் ஆண்களை வீட்டில் ஆகக் குளிர்ந்த மூலையில் வைத்து இரையைக் கொஞ்சம் குறையுங்கள். குறைக்க வேண்டியது ஆணுக்கு, பெண்ணுக்கு அல்ல!

பசு வேட்கைக்கு வராமல் சினைப்படுத்த வாருங்கள் என்று எந்த வீட்டுக்காரரும் என்னைக் கூப்பிடுவதில்லை. பூச்சியென்றால் மட்டும் ஏன் அவசரம்? ஆயத்தமான பெண், பெரும்பாலும் பொழுதுபட்ட பிறகு, வயிற்றைக் கீழே வளைத்துச் சிறகைச் சற்றுத் தூக்கி அசையாமல் தொங்கும். அப்போது ஒரு வாசனை விடுகிறது. உங்களுக்கு மணக்காது, ஆணின் உணர்கொம்புக்கு எட்டும். ஆனால் நீங்கள் வைத்திருப்பது மூடி போட்ட ஐஸ்கிரீம் பெட்டி. வாசனை எங்கே போகும்? நுளம்பு வலை கட்டிய பெரிய கூடாக மாற்றுங்கள், காற்று ஊடுருவட்டும். கண்ணாடிச் சுவரும் வேண்டாம், வயதான ஆணின் கால் பிடிக்காமல் வழுக்கும்.

நுளம்புத்திரி ஏற்றிய அறையில் பூச்சி வளர்க்கிற ஆட்களும் உண்டு. அந்தத் திரி பூச்சி கொல்லத்தானே செய்தது! மாரி காலத்தில் டெங்குப் புகை அடிக்க வருவதாகச் சொன்னால் கூட்டை வேறு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மிளகாய், வெங்காயத் தோட்டத்தில் மருந்தடித்த பிறகு பிடித்த வெட்டுக்கிளியையும் கொடுக்காதீர்கள். கால் நடுங்கி, சோடி சேராமல் கிடந்த பூச்சிகள் சிலவற்றின் கதை அங்கேதான் தொடங்கியிருந்தது.

சேர்க்கும் நாளுக்கு முதல் சில நாள் பெண்ணுக்கு வேண்டிய மட்டும் இரை கொடுங்கள். அன்று பொழுதுபட, பெண்ணின் கையில் ஒரு பெரிய கரப்பானைக் கொடுத்து, அது தின்னத் தொடங்கிய பிறகு ஆணைப் பின்பக்கமாக, எட்டத்தில், ஒரு குச்சியில் விடுங்கள். முதுகில் தூக்கி வைக்காதீர்கள். ஆண் சில மணி நேரம் கல்லாக நிற்கும். அது பயந்து கெட்டுப்போகவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறது. பாய்ந்து ஏறிய பிறகும் பொறுங்கள். ஏறினால் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. வயிற்று நுனி வளைந்து பெண்ணின் நுனியோடு பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். பொருந்தினால் சில மணி நேரம் அப்படியே இருக்கும். தலைமாறி ஏறியிருந்தாலும் கை வைக்காதீர்கள், தானாகத் திரும்பும். பிரிந்ததும் ஆணை உடனே எடுத்துவிடுங்கள். தின்னப்படுகிற ஆண்கள் பல இந்த நேரத்தில்தான் போகின்றன, ஏனென்றால் வீட்டுக்காரர் நித்திரைக்குப் போய்விட்டார். பெண்ணின் நுனியில் வெள்ளையாக ஒன்று ஒட்டியிருந்தால் அதுதான் விந்துப்பை. பிறகு பெண் அதை எடுத்துத் தின்றாலும் கவலை வேண்டாம்.

ஆண் கிடைக்கவில்லை என்றால் இரவில் விளக்கடியில் பாருங்கள், பறந்து வரும். சரணாலயம், தேசியப் பூங்காப் பக்கம் மட்டும் போகாதீர்கள். 2020இல் யாலவில் பூச்சிகளோடு பிடிபட்ட இரண்டு இத்தாலியருக்கு 2024இல் நீதிமன்றம் விதித்த தண்டம் 6 கோடி ரூபா.

முட்டைக்கூடு வைத்துவிட்டது, ஆகவே கரு தங்கிவிட்டது என்று இனிப்புக் கொடுக்காதீர்கள். சேராத பெண்ணும் முட்டைக்கூடு வைக்கும், அது பொரிக்காது. பொரித்தால் பெரிய இனங்களில் நூற்றுக்கு மேல் குஞ்சு வரும், இரை இல்லாவிட்டால் ஒன்றையொன்று தின்னும். முட்டைக்கூடு வைத்த அன்றே ஒரு போத்தலில் மாம்பழத் தோலைப் போட்டுப் பழ ஈ வளர்க்கத் தொடங்குங்கள். அதற்கு வீட்டில் அம்மா சம்மதிக்கமாட்டா என்றால், தயவுசெய்து சோடி சேர்க்கிற வேலையை அடுத்த வருசத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.